வெயிலை நிறுத்தச் சொன்னவர்களுக்கு: கல்முனைக் கரையிலிருந்து ஒரு திறந்த மடல்

இலங்கையின் மின்சாரத்தைத் திட்டமிடும், பகிர்ந்தளிக்கும் பொறுப்பிலுள்ள அதிகாரிகளின் கவனத்திற்கு,

2025 ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, ஏப்ரல் 13 முதல் 21 வரை, கூரையில் சூரிய மின்தகடு பொருத்தியிருப்பவர்கள் பிற்பகல் 3 மணி வரை அவற்றைத் தாமாக முன்வந்து நிறுத்தி வைக்குமாறு நாடு முழுவதற்கும் வேண்டுகோள் விடுக்கப்பட்டது. அதற்குச் சில மாதங்களின் பின் எங்கள் சங்கத்திற்கு மூன்று வரியில் ஒரு கடிதம் வந்தது. எங்கள் ஐஸ் ஆலையின் கூரையில் மின்தகடு போட்டுத் தேசிய மின்கட்டமைப்புடன் இணைக்க நாங்கள் கேட்டிருந்த அனுமதிக்கான பதில் அது. எங்கள் பகுதி மின்மாற்றி ஏற்கக்கூடிய அளவு நிரம்பிவிட்டதால் இப்போதைக்கு இணைப்பு வழங்க இயலாது என்று அதில் எழுதியிருந்தது. அந்தக் கடிதம் வந்த அன்று மாலை ஏழு மணிக்கு, அதே மின்மாற்றியிலிருந்து வரும் அழுத்தம் இறங்கி, குளிர் அறையின் மோட்டார் முனகத் தொடங்கி, அது எரிந்துவிடக் கூடாதே என்று நான் ஓடிப்போய் அதை நிறுத்தினேன். பகலில் மின்சாரம் கூடிப்போய்விட்டது என்கிறீர்கள். இரவில் போதவில்லை என்பதை நான் காண்கிறேன். இரண்டும் ஒரே கம்பத்தில், ஒரே நாளில் நடக்கின்றன. இதை இனியும் பேசாமல் ஏற்றுக்கொள்ள இயலாததால் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் மின்பொறியியலாளன் அல்லன். கல்முனைக்குத் தெற்கே ஒரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் ஐஸ் ஆலையைப் பத்தொன்பது ஆண்டுகளாகப் பொறுப்பேற்று நடத்தி வருகிறேன். மின்சாரம் வந்த நேரம், போன நேரம், அழுத்தம் இறங்கிய நேரம், ஜெனரேற்றருக்கு ஊற்றிய டீசல் எத்தனை லீற்றர் என்பவற்றை ஒரு தடித்த பதிவுப் புத்தகத்தில் எழுதி வைப்பது என் பழக்கம். இப்போது எழுதிக்கொண்டிருப்பது ஏழாவது புத்தகம். எங்கள் ஊரைப் பற்றி இங்கே நான் சொல்பவை அந்தப் புத்தகங்களில் உள்ளவை.

ஐம்பது கிலோ ஐஸ் கட்டி ஒன்று உப்புநீர்த் தொட்டிக்குள் உறைந்து எழ ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். தொட்டி ஒருமுறை நன்றாகக் குளிர்ந்துவிட்டால், கொம்பிரசரை மூன்று நான்கு மணித்தியாலம் நிறுத்தி வைத்தாலும் கட்டி கரையாது. ஆகவே உச்சக் கட்டணம் தொடங்கும் மாலை 6.30 மணிக்கு நாங்கள் கொம்பிரசரை நிறுத்துகிறோம். அது முடியும் இரவு 10.30 மணிக்கு மீண்டும் இயக்குகிறோம். உச்ச வேளைப் பணம் கட்டிக் கட்டுப்படியாகாது என்பதால் தொடங்கிய வழக்கம் இது. எண்ணிப் பார்த்தால் எங்கள் ஆலையே ஒரு சிறிய மின்சேமிப்பு நிலையம்: மின்சாரத்தைக் குளிராக மாற்றி அடைத்து வைத்திருந்து, விடியற்காலையில் அதைப் படகுக்காரரின் பெட்டிக்குள் கொட்டுகிறோம். மலிந்த நேரத்தில் வாங்கி, வேண்டிய நேரத்தில் கொடுக்கும் இந்தச் சாதாரண வியாபார அறிவு எங்கள் பக்கத்து மின்கம்பிகளுக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை என்பதே என் முறைப்பாடு.

நீங்கள் சொல்லும் காரணத்தை நான் மறுக்க வரவில்லை. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் 11 மணி கடந்த சற்று நேரத்தில் நாடு முழுவதும் மின்சாரம் அற்றுப்போனது. பாணந்துறை உபமின்நிலையத்திற்குள் குரங்கு ஒன்று புகுந்த கதையைச் சொல்லி ஊரெல்லாம் சிரித்தது. ஆனால் ஒரு குரங்கினால் ஒரு நாட்டையே இருட்டாக்க முடிந்தது எப்படி என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. கட்டமைப்பின் மீடிறன், அதாவது மின்சாரம் ஒரு விநாடியில் எத்தனை முறை அலைகிறது என்பது, 50 ஹேர்ட்ஸில் நிற்க வேண்டும். நீர்மின், அனல்மின் நிலையங்களின் பாரமான சுழலிகள் சுற்றிக்கொண்டிருக்கும் வரை, எங்கேனும் ஒரு கோளாறு நேர்ந்தாலும் அவற்றின் சடத்துவம், சுற்றிய வேகத்திலேயே தொடர்ந்து சுற்றும் அந்த இயல்பு, சில விநாடிகளுக்கு அந்த மீடிறனைத் தாங்கிப் பிடிக்கும். அந்தச் சில விநாடிகளுக்குள் மற்ற நிலையங்கள் தம்மைச் சரிசெய்துகொள்ளும். மின்தகட்டில் சுற்றுவது எதுவும் இல்லை. விடுமுறை நாள், குறைந்த தேவை, நிறைந்த வெயில், சுற்றும் இயந்திரங்கள் கொஞ்சம். ஆகவே ஒரு தட்டிலேயே எல்லாம் சரிந்தது. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று இயந்திரங்களும், அதாவது 900 மெகாவாட், அதனோடு நின்றன. அடுத்து வந்த நாட்களில் ஒன்றரை மணித்தியால மின்வெட்டையும் நாம் அனுபவித்தோம். எனவே சித்திரையில் நீங்கள் அஞ்சியது வீண் அச்சம் என்று சொல்லமாட்டேன். ஆனால், 2016 செப்டெம்பரில் அரசே திட்டம் தொடங்கி மின்தகடு போடுங்கள் என்று மக்களை அழைத்தது. மக்கள் வங்கியில் கடன்பட்டுப் போட்டார்கள். ஏறத்தாழ ஒன்பது ஆண்டு கழித்து அவர்களிடம் அதை நிறுத்தி வையுங்கள் என்று கேட்டீர்கள். பகலில் மிஞ்சுவதை இரவுக்கு எடுத்து வைக்கும் வேலை இந்த ஒன்பது ஆண்டிலும் பிற்போடப்பட்டதன் விலையைத்தான் அந்த வேண்டுகோள் காட்டியது.

அந்த விலை எங்கள் கரையில் எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கிழக்குக் கரையில் ஏறியது. எங்கள் ஒழுங்கையில் மூன்று பகலும் மூன்று இரவும் மின்சாரம் இல்லை. கம்பி அறுந்ததற்காக எவரையும் நான் குறை சொல்லவில்லை. திருத்த வந்த ஊழியர்கள் இடுப்பளவு வெள்ளத்தில் நின்றதை என் கண்ணால் பார்த்தேன். மூன்றாம் நாள் காலையில் வானம் வெளித்து, கழுவிவிட்டது போல் வெயில் எறித்தது. எங்கள் ஒழுங்கையில் மட்டும் பதினொரு வீட்டுக் கூரைகளில் மின்தகடுகள் இருக்கின்றன. அத்தனை தகட்டிலும் வெயில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு மின்குமிழ்கூட எரியவில்லை. இன்சுலின் குப்பியை வைக்க ஒரு துண்டு ஐஸ் கேட்டு ஆலைக்கு வந்த மூதாட்டி ஒருவர் அந்தக் கூரைகளைக் காட்டி, “வெயில் எறிக்குதானே மனே, பிறகேன் கரண்ட் இல்லாமக் கிடக்கு?” என்று கேட்டார்.

அவருக்குச் சொன்ன பதிலையே இங்கும் எழுதுகிறேன். கூரைத் தகட்டின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி, வெளிக் கம்பியில் மின்சாரம் இருந்தால்தான் தானும் வேலை செய்யும். வெளியில் மின்சாரம் அற்றுப்போனதும் அதுவும் நின்றுவிட வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் கம்பியில் ஏறித் திருத்திக்கொண்டிருப்பவரின் உயிருக்கு ஆபத்து. விதி சரியானது. ஆனால் அதன் விளைவாக, மின்சாரம் மிகவும் தேவைப்பட்ட நாட்களில், பல இலட்சம் ரூபாய் செலவழித்துப் போட்ட தகடுகள் ஓட்டுக்கு மேல் கிடந்த இன்னொரு ஓடாகவே இருந்தன. கடலுக்குப் போன முதல் தோணிகள் சூரை மீனும் கீரி மீனுமாகத் திரும்பின. ஐஸ் இல்லை. ஜெனரேற்றரில் இருந்த டீசலை குளிர் அறைக்கு மட்டும் பங்கிட்டு வைத்திருந்தேன். பெரும்பகுதி மீனைக் கருவாட்டுக்குப் போட்டோம். அதற்குக் கிடைத்த விலையை இங்கே எழுத மனமில்லை. 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட பெரியவர்கள் எங்கள் சங்கத்தில் இருக்கிறார்கள். அன்று வெயிலை மின்சாரமாக்கும் தகடு எவர் வீட்டிலும் இருக்கவில்லை. இன்று இருக்கிறது; இருட்டு மட்டும் அன்றைய இருட்டுத்தான்.

2022 மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீண்டதையும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அப்போது எங்களிடம் ஜெனரேற்றர் இருந்தது, டீசல் இருக்கவில்லை. எரிபொருள் வரிசையில் பரல்களோடு இரண்டு இரவு படுத்திருந்தவர்களுள் நானும் ஒருவன். எரிபொருளை நம்பிய காப்பு, எரிபொருள் இல்லாத நாளில் காப்பாகாது என்பது நான்காம் பதிவுப் புத்தகம் முழுவதும் எழுதிக் கிடக்கிறது.

குளத்தை நம்பி வாழும் மாவட்டங்களுக்குச் சேமிப்பு என்றால் என்ன என்று எவரும் விளக்கத் தேவையில்லை. மாரியில் வான் பாயும் உன்னிச்சைக் குளத்தின் நீரைத்தான் சிறுபோகத்தில் துருசு திறந்து வயலுக்கு விடுகிறோம். மின்சாரத்திலும் உலகம் முதலில் கண்ட வழி இதுவே. மேலே ஒரு நீர்த்தேக்கம், கீழே ஒரு நீர்த்தேக்கம்; மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் நீரை மேலே ஏற்றுவது, தேவைப்படும் நேரத்தில் அதே குழாய்களால் இறக்கிச் சுழலியைச் சுற்றுவது. ஏற்றிய மின்சாரத்தில் நூற்றுக்கு எழுபது முதல் எண்பது பங்கு திரும்பக் கிடைக்கும். சேமித்து வைக்கக்கூடிய மின்சாரத்தின் அளவைக் கொண்டு பார்த்தால் இன்றும் இதற்கே முதலிடம். தமிழ்நாட்டின் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் ஒன்று 1980 களின் இறுதியிலிருந்து இப்படி இயங்குகிறது. நம் நாட்டிலும் மகா ஓயாவில் 600 மெகாவாட்டுக்குத் திட்டமிடப்பட்டுள்ளது. இந்தச் செய்தி முதலில் வந்தபோது, வெந்நீர் ஊற்றுள்ள நம் அம்பாறை மாவட்டத்து மகா ஓயாதான் என்று எண்ணி எங்கள் சங்கக் கூட்டத்தில் ஒருவர் கைதட்டியும்விட்டார். அது கேகாலை மாவட்டத்து அரநாயக்க மலைப்பக்கம். எங்களுக்குக் கிடைத்தது பெயர் ஒற்றுமை மட்டும். அது நாட்டுக்கு வேண்டிய திட்டம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மலையைக் குடைந்து முடிக்க ஆண்டுகள் செல்லும், முடிந்த பிறகும் அந்த மின்சாரம் அதே நெடுங்கம்பிகளில்தான் எங்களிடம் வர வேண்டும்.

அந்தக் கம்பிகளைப் பற்றியதே என் வாதத்தின் நடுப்பகுதி. மட்டக்களப்பும் அம்பாறையும் தேசியக் கட்டமைப்பின் நுனியில் இருக்கின்றன. மலைநாட்டிலிருந்து அம்பாறை வழியாகவும், ஹபரணைப் பக்கத்திலிருந்து வாழைச்சேனை வழியாகவும், காட்டையும் ஆற்றையும் கடந்து வரும் சில உயரழுத்தக் கம்பிகளே எங்களைத் தாங்குகின்றன. இடையில் ஒரு கோபுரம் சாய்ந்தால் எங்கள் பக்கம் முழுவதும் அதனோடு இருண்டுவிடக்கூடும். வாய்க்காலின் கடைசி வயற்காரனுக்கு, தலைப்பில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிடத் தன் வயலருகே ஒரு சிறு குட்டை இருக்கிறதா என்பதுதான் முக்கியம். சேமிப்பை எங்கே வைப்பது என்ற கேள்வி, எவ்வளவு வைப்பது என்ற கேள்விக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

நுனியில் வைக்கக்கூடியது பற்றரி. அதற்கு மலை வேண்டாம், ஆறு வேண்டாம். உபமின்நிலையத்துக்கு அருகே சில ஏக்கர் மேட்டுநிலம் போதும். தென் அவுஸ்திரேலியாவில் 2016 செப்டெம்பர் 28 அன்று கடும்புயலில் மின்கோபுரங்கள் முறிந்து மாநிலம் முழுவதும் இருண்டது. அடுத்த ஆண்டு முடிவதற்குள் ஹோர்ன்ஸ்டேல் என்ற இடத்தில் 100 மெகாவாட் வழங்கக்கூடிய, 129 மெகாவாட் மணி கொள்ளளவுள்ள பற்றரி நிலையத்தை அவர்கள் நிறுவினார்கள். 2017 டிசெம்பரில் வேறொரு மாநிலத்தின் நிலக்கரி நிலைய இயந்திரம் ஒன்று திடீரென நின்றபோது, ஒரு விநாடியின் சிறு பகுதிக்குள் அந்தப் பற்றரி மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. எந்தச் சுழலியும் அவ்வளவு விரைவாக எழுந்ததில்லை. பெப்ரவரி 9 ஆம் திகதி நம்மிடம் இல்லாமற்போனது இந்த விரைவுதான்.

அவுஸ்திரேலியா பணக்கார நாடு, பெரிய நிலம் என்று சொல்வீர்களாயின், ஹவாயின் கவாய் தீவைப் பாருங்கள். நம்மைப் போலவே அண்டை வீட்டில் மின்சாரம் கடன் வாங்க வழியில்லாத தீவு அது. அங்கே மின்சாரம் வழங்குவதும் பாவனையாளர்களின் கூட்டுறவுச் சங்கமே. 2019 இல் அவர்கள் 28 மெகாவாட் சூரிய நிலையத்தோடு 100 மெகாவாட் மணிப் பற்றரியைச் சேர்த்து அமைத்து, பகல் வெயிலை மாலைச் சமையலுக்கு எடுத்து வைத்தார்கள். இன்னும் அருகே வந்தால், யாழ்ப்பாணத்து நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கு இந்திய நன்கொடையில் காற்றாலை, சூரியத் தகடு ஆகியவற்றுடன் 2,400 கிலோவாட் மணிப் பற்றரியும் அமைக்க 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. கட்டமைப்போடு தொடுக்கப்படாத தீவுக்குப் பற்றரி வேண்டும் என்று ஒப்புக்கொள்ளும் நாம், வெள்ளத்தில் தீவாகிப் போகும், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக்கும் கல்முனைப் பக்கத்துக் கரைவாகுக்கும் அது வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்ளலாம்.

மின்மாற்றி நிரம்பிவிட்டது என்ற மூன்று வரிக் கடிதத்துக்கும் பதில் இருக்கிறது. மேற்கு அவுஸ்திரேலியாவின் மெடோ ஸ்பிரிங்ஸ் என்ற குடியிருப்பில் 2018 இல் 105 கிலோவாட், 420 கிலோவாட் மணி அளவுள்ள ஒரு பொதுப் பற்றரியைத் தெருவிலேயே வைத்தார்கள். அயல் வீட்டுக் கூரைகளில் பகலில் மிஞ்சும் மின்சாரம் அதற்குள் போகும். இரவில் அந்த வீடுகளே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். மின்மாற்றி பகலில் நிரம்பி வழிவதும் இரவில் மூச்சுத் திணறுவதும் ஒரே பெட்டியால் தணிகின்றன. எங்கள் ஆலை வளவில் அப்படியொரு பெட்டிக்கு இடம் இருக்கிறது, வாடகை கேட்கமாட்டோம்.

அழுத்திய காற்றை நிலத்தடிக் குகையில் அடைத்து வைக்கும் முறையை ஜெர்மனியின் ஹுண்டோர்ஃபில் 1978 முதல் பயன்படுத்துகிறார்கள். அதற்கு உப்புப் பாறைக் குகை வேண்டும், எங்கள் மணலில் அது நடவாது. வனேடியம் கரைசலைத் தொட்டிகளில் வைத்து மின்சாரம் சேமிக்கும் நிலையம் சீனாவின் தாலியனில் 2022 முதல் 100 மெகாவாட், 400 மெகாவாட் மணி அளவில் இயங்குகிறது. தீப்பற்றாதது, நீண்ட காலம் உழைப்பது, விலை அதிகம். எங்கள் பக்கத்துக்கு இன்று எட்டக்கூடியது லித்தியம் பற்றரியே.

இனி அதற்கு எதிராகச் சொல்லப்படும் இரண்டு காரணங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது தீ. 2025 ஜனவரி 16 அன்று கலிபோர்னியாவின் மோஸ் லேண்டிங்கில் 300 மெகாவாட் பற்றரி நிலையம் எரிந்து, அயலவர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற வேண்டியதாயிற்று. இதை மறைத்துவிட்டு எங்கள் ஊருக்குப் பற்றரி கேட்பது நேர்மையாகாது. அங்கே எரிந்தவை நிக்கல் கலந்த கலங்கள். அவை ஒரே கட்டடத்துக்குள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்தன. இன்று பெரும்பாலும் வாங்கப்படுபவை இரும்பு பொஸ்பேற்றுக் கலங்கள், தீப்பற்றும் இயல்பு குறைந்தவை. அவற்றைத் தனித்தனிக் கொள்கலங்களாக இடைவெளி விட்டுத் திறந்த வெளியில் வைக்கிறார்கள். எங்கள் நிலத்துக்கென்று வேறு கவலைகளும் உண்டு. உப்புக் காற்று இரண்டு ஆண்டில் எங்கள் தகரக் கூரையைத் தின்றுவிடுகிறது. வைகாசி வெக்கையில் கொள்கலத்தின் குளிரூட்டி நின்றால் கலங்களின் ஆயுள் குறையும். 2004 டிசெம்பர் 26 கடல் வந்த எல்லையை நாங்கள் ஒவ்வொருவரும் காலால் காட்டுவோம். ஆகவே பற்றரியைக் கடற்கரையிலும் வாவிக்கரைத் தாழ்நிலத்திலும் வைக்கக் கூடாது என்பதை நாங்களே முதலில் சொல்கிறோம்.

இரண்டாவது பணம். 2010 இல் லித்தியம் பற்றரித் தொகுதியின் உலகச் சராசரி விலை ஒரு கிலோவாட் மணிக்கு 1,000 டொலருக்கு மேல் இருந்தது. 2024 இல் அது 115 டொலர். மின்மாற்றி, பற்றரியின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் மின்மாற்றுக் கருவி, நிலம், குளிரூட்டல் எல்லாம் சேர்ந்தால் செலவு இதைவிடக் கூடும் என்பதை அறிவேன். ஆனால் வெயிலுக்கு டொலர் கொடுக்க வேண்டியதில்லை. இரவு உச்சத்துக்கு எரிக்கும் எண்ணெய்க்கு ஒவ்வொரு கப்பலுக்கும் கொடுக்க வேண்டும். பகலில் நிறுத்தச் சொல்லும் வெயிலையும் இரவில் வாங்கும் எண்ணெயையும் ஒரே கணக்கேட்டில் எழுதினால் எங்கள் சங்கத்தின் கணக்கரே பதில் சொல்லிவிடுவார்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததன்று. 10 மெகாவாட் ஆற்றலும் 40 மெகாவாட் மணிக் கொள்ளளவும் கொண்ட பதினாறு பற்றரி நிலையங்களுக்கு, மொத்தம் 160 மெகாவாட், 640 மெகாவாட் மணி என்ற அளவில், 2025 இல் விலைமனு கோரப்பட்டது. 10 மெகாவாட்டை நான்கு மணித்தியாலம் கொடுப்பது என்பது மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்ச வேளைக்கு அளந்து தைத்தது போன்றது. இதை நான் மனமார வரவேற்கிறேன். ஆயினும் அந்த அளவிலேயே என் அச்சமும் இருக்கிறது. பற்றரி உச்ச வேளைக்கு மட்டும் என்று எழுதிவிட்டால், இரவு 10.30 மணிக்கு அது வெறுமையாகிவிடும். நள்ளிரவில் கரையேறும் புயலுக்கு அதனிடம் கொடுக்க எதுவும் இராது. அதைவிட முக்கியமானது, பற்றரியின் மின்மாற்றுக் கருவி எவ்வகையானது என்பது. வெளிக் கம்பியில் வரும் மின்சாரத்தின் அலையைப் பின்பற்றி மட்டும் இயங்கும் கருவி, எங்கள் கூரைத் தகடுகளைப் போலவே, கட்டமைப்பு விழுந்ததும் தானும் விழும். தானே அலையை உண்டாக்கிக் கொடுக்க வல்ல கருவியானால், தேசியக் கம்பி அறுந்த பின்பும், கோளாறான பகுதியைத் துண்டித்துவிட்டு, வைத்தியசாலையையும் நீர்வழங்கலையும் தனித்து இயக்கும். அந்த அலையைக் கண்டதும் கூரைத் தகடுகளும் விழித்துக்கொள்ளும். மூதாட்டியின் கேள்விக்கு அதுதான் பதில். விலைமனு ஆவணத்தில் ஒரு வரியாக எழுதப்பட வேண்டிய இந்த நிபந்தனை விடுபட்டால், பின்னர் எத்தனை ஆண்டு முறையிட்டாலும் ஈடுசெய்ய முடியாது.

அம்பாறையில் இதற்குத் துணையாக ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. கல்லோயாவின் இங்கினியாகல நீர்மின் நிலையம், 11.25 மெகாவாட், சிறியது, முதியது. சேனநாயக்க சமுத்திரத்திலிருந்து வயலுக்கு நீர் திறக்கும்போது அது மின்சாரம் தருகிறது. ஆகவே அதன் நேரத்தை வேளாண்மையே தீர்மானிக்கிறது, அப்படியே இருக்கவும் வேண்டும். ஆனால் அருகே ஒரு பற்றரி இருந்தால், நீர் வேளாண்மையின் நேரத்தில் போகட்டும், மின்சாரம் வீட்டின் நேரத்தில் வரட்டும் என்று பிரித்துவிடலாம். நீர்மின் நிலையம் இருட்டிலிருந்து தானாக எழக்கூடிய இனம். பற்றரியும் அதுவும் கூடினால் அம்பாறை தன் காலில் நின்று, மலையிலிருந்து கம்பி திருத்தப்பட்டு வரும் வரை காத்திருக்க முடியும். அதே கல்லோயாவின் இடதுகரையில் 1980 களில், வாய்க்கால் கடைசி வரை நீர் சேர வேண்டும் என்று உழவர் குழுக்கள் அமைத்து, தலைப்பில் இருந்த சிங்கள விவசாயிகள் தம் முறையை விட்டுக்கொடுத்துக் கடைசியில் இருந்த தமிழ் பேசும் விவசாயிகளுக்கு நீர் விட்டார்கள். குளம் இருந்தது மட்டும் போதவில்லை. யாருக்கு, எப்போது என்ற ஒழுங்கும் கூடியிருந்து எழுதப்பட்டது. பற்றரிக்கும் அந்த ஒழுங்கு வேண்டும், அதை எழுதும் இடத்தில் நாங்களும் இருக்க வேண்டும்.

ஆகவே பின்வருவனவற்றைக் கேட்கிறோம்.

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் பிரதான உபமின்நிலையங்கள் ஒவ்வொன்றிலும் நான்கு மணித்தியாலப் பற்றரி நிலையம் ஒன்றையேனும் முன்னுரிமையுடன் அமையுங்கள். தானே அலையை உண்டாக்கும் கருவியையும், கட்டமைப்பு விழுந்தால் உள்ளூரைத் தனித்து இயக்கும் ஆற்றலையும் அவற்றின் ஒப்பந்தத்தில் கட்டாய நிபந்தனையாக எழுதுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை வளிமண்டலவியல் திணைக்களம் புயல் எச்சரிக்கை விடுக்கும் நாட்களில் அந்தப் பற்றரிகளை உச்ச வேளைக்குச் செலவிடாமல் நிரப்பி வைத்திருக்க விதி செய்யுங்கள். அந்நாட்களில் வைத்தியசாலை, குடிநீர், அதன்பின் ஐஸ் ஆலைகளும் குளிர் அறைகளும் என்று முன்னுரிமை வரிசையை வெளிப்படையாக அறிவியுங்கள்.

நிரம்பிவிட்டதாகச் சொல்லி இணைப்பு மறுக்கப்பட்ட மின்மாற்றிகளின் பட்டியலைப் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடுங்கள். அவற்றுள் சிலவற்றிலேனும் பொதுப் பற்றரியைப் பரீட்சித்துப் பார்க்க, கூட்டுறவுச் சங்கங்கள் பங்காளராகக்கூடிய ஒரு வழிமுறையைத் தாருங்கள். எங்கள் கட்டணப் பட்டியலில் பகல் என்பது காலை 5.30 முதல் மாலை 6.30 வரை ஒரே விலை. மின்சாரம் மிஞ்சும் முற்பகல் பத்து மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரைக்குத் தனியே ஒரு மலிவு விலை வைத்தால், எங்களைப் போன்ற ஐஸ் ஆலைகளும் அரிசி ஆலைகளும் நீர் இறைக்கும் நிலையங்களும் பற்றரியே இல்லாமல் அந்த மிச்சத்தை விழுங்கிக்கொள்ளும். இதற்கு ஒரு சதம் முதலீடும் வேண்டியதில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.

இடம் தெரிவு செய்வதற்கு முன், தீப் பாதுகாப்புத் திட்டத்தையும் வெள்ள மட்டத்தையும் தமிழில் வெளியிட்டு, மட்டக்களப்பிலும் கல்முனையிலும் மக்களைக் கூட்டிக் கருத்துக் கேளுங்கள். உள்ளூர் தீயணைப்புப் பிரிவினருக்கு இந்தப் பற்றரிகளுக்கென்றே பயிற்சி கொடுங்கள். இங்கினியாகலவையும் ஒரு பற்றரியையும் இணைத்து அம்பாறையைத் தனித்து எழுப்ப முடியுமா என்பதை ஒரு விடுமுறை நாளில் முன்னறிவித்துப் பரீட்சியுங்கள். அந்த நாளில் எங்கள் கொம்பிரசரை எத்தனை மணித்தியாலம் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்துவோம்.

எங்கள் பதிவுப் புத்தகங்கள் ஏழையும் உங்கள் பொறியியலாளர்கள் ஆலைக்கு வந்து பார்க்கலாம். பிரதி வேண்டுமாயின் எங்கள் செலவில் எடுத்துத் தருவோம். வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழை தொடங்குவதற்கு முன், ஒக்டோபர் மாத முடிவுக்குள், இந்தக் கோரிக்கைகள் ஒவ்வொன்றுக்கும் ஆம் என்றோ இல்லை என்றோ, இல்லையெனில் காரணத்துடன், தமிழில் எழுத்து மூலம் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வண்ணம்,
ஐஸ் ஆலைப் பொறுப்பாளர்,
கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமொன்று,
கல்முனைப் பிரதேசம், அம்பாறை மாவட்டம்